குளக்கரையில் களவகுப்பு நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர்,
தேரூர், சுசீந்திரம் வட்டாரப் பள்ளிகள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
1. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
2. முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்
3. மாவட்ட வன அலுவலர் அவர்கள்
நாகர்கோவில்.

பொருள்: பள்ளி மாணவர்களுக்குப் பல்லுயிர்க் களவகுப்புகள் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் ஊர்க் குளங்கள் அடங்கிய சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதி, 94.23 ஹெக்டேர் பரப்புடையது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இங்கே இரை தேடுகின்றன. வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் குளிர்காலத்தில் வந்திறங்குகின்றன. இந்தக் குளங்களின் நீரை நம்பியே ஏலாக்கள் எனப்படும் வயல்வெளிகளில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு பருவ நெற்பயிர்களும் விளைகின்றன.

ஆனால் ராம்சார் என்ற சொல்லைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, பள்ளிக்குப் போகும் வழியில் கரையோரம் நிற்கும் நாரையின் பெயர் தெரியவில்லை. அழைத்துச் சென்று காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கோ அதற்கான ஆணையும் நிதியும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டியிருக்கின்றன.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இலேயே உத்தரவிட்டது. அந்தக் கல்வி புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. குழந்தைகளுக்காகப் பாடிய ஆசிரியர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த தேரூரிலேயே அது குளக்கரையில் நடக்கட்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை, கன்னிப்பூப் பருவத்தில் ஒன்றும் கும்பப்பூப் பருவத்தில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு களவகுப்புகளைப் பள்ளி நாள்காட்டியில் சேர்க்க வேண்டும்.

2. நம் மாவட்டத்திலுள்ள மணக்குடிக் காயலின் அலையாத்திகளையும் மருத்துவாழ்மலையின் மூலிகைகளையும் மாணவர்கள் நேரில் காண, வாகனச் செலவை அரசே ஏற்க வேண்டும்.

3. ஆசிரியர்களுக்கு வனத்துறை பயிற்சி அளித்து, பள்ளிதோறும் இருகண்நோக்கியும் தமிழ்ப் பெயர்கள் கொண்ட பறவைக் கையேடும் வழங்க வேண்டும்.

4. மடை திறப்பவர், தாமரை பறிப்பவர், மீன் பிடிப்பவர், வயலில் உழைப்பவர் ஆகியோரை மதிப்பூதியம் தந்து பாடம் சொல்ல அழைக்க வேண்டும். குளத்தை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.

5. மாணவர்களின் குறிப்புகளைச் சரிபார்த்து, உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இன் கீழ் உள்ளாட்சிகள் பேண வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

6. களவகுப்பு நடக்கும் கரைகளில் தடுப்பு, முதலுதவி, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை ஆகிய வசதிகளைச் செய்து, குப்பை கொட்டுவதைத் தடுக்க வேண்டும்.

பெயர் தெரிந்த பறவையைப் பிள்ளை கல்லால் அடிக்காது. தன் குளத்தில் குப்பை விழுவதையும் பார்த்துக்கொண்டிருக்காது. ஆகவே, வரும் கும்பப்பூப் பருவத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் முன்பே முதல் களவகுப்புக்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இடம்: தேரூர்

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர்