மெத்தனம்

தோழனே!

'கம்ப்ளேசன்சி' என்றோர் ஆங்கிலச் சொல். மகிழ்வித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரில் முளைத்தது. முன்னாளில் இனிய மனநிறைவே அதன் பொருள். இன்றோ, ஆபத்தை அறியாது தன்னையே மெச்சிக்கொள்வதற்குப் பெயர். 'தன்னிறைவு' எனப் பெயர்த்திடாதே. அது தேவை தீர்ந்த நிலை, இதுவோ தேடலை நிறுத்திய நிலை! மெத்தனம் என்பதே பொருந்தும்.

1948-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். வெற்றி தமதே என்றிருந்த டியூயி, எவர் மனமும் நோகாத பொதுமொழி பேசினார். ட்ரூமனோ இரயிலேறி, ஊர்தோறும் பெட்டியின் பின்மேடையில் நின்று முழங்கினார். 'சிகாகோ டிரிபியூன்' டியூயி வென்றதாகவே அச்சிட்டுவிட்டது! ட்ரூமனுக்கு 303, டியூயிக்கு 189. வென்றவர் அந்த ஏட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

நேற்று நம் கிளைத் தோழரொருவர், "அந்தத் தெரு நமதே, போகவேண்டியதில்லை" என்றார். வாக்காளர் பட்டியலைக் கொடு, நான் போகிறேன் என்றேன்.