மேப்பிள் பாகும் சீனிதான்

மாணவர்களே, ஓர் உணவகத்தின் பட்டியலில் 'சீனி சேர்க்கவில்லை. இயற்கையான மேப்பிள் பாகு மட்டுமே' என்று எழுதியிருந்தால் என்ன நினைப்பீர்கள்? உடம்புக்கு நல்லது என்று நம்பி, நீரிழிவு உள்ள தாத்தாவுக்கும் ஒரு தட்டு வாங்கிக் கொடுக்கக்கூடும். இப்படி எழுதுவது தவறு என்பதே என் கருத்து. ஏன் என்று அறிவியல் வழியாகப் பார்ப்போம்.

உலகில் கிடைக்கும் மேப்பிள் பாகில் பெரும்பகுதி கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது. இரவில் உறைபனியும் பகலில் இளஞ்சூடும் நிலவும் குளிர்காலக் கடைசியில், மேப்பிள் மரத்தில் சிறு துளையிட்டுச் சாற்றை வடிப்பார்கள். அது தண்ணீரைப் போலவே இருக்கும். அதில் சுமார் 2 விழுக்காடுதான் சீனி. ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். நீரின் கொதிநிலையைவிடச் சுமார் 4 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறும்போது பாகு பதத்துக்கு வரும். அப்போது அதில் சீனியின் அளவு சுமார் 66 விழுக்காடு!

ஒரு மேசைக்கரண்டி பாகில் ஏறக்குறைய 12 கிராம் சீனி இருக்கிறது. அதாவது 3 தேக்கரண்டி சீனி. உலகச் சுகாதார நிறுவனமும் தேன், பாகு ஆகியவற்றில் உள்ள சீனியைக் குறைத்துக்கொள்ள வேண்டிய சீனியோடுதான் சேர்த்துக் கணக்கிடுகிறது.

"அதில் மாங்கனீசும் ரைபோஃபிளேவினும் இருக்கின்றனவே?" என்று நீங்கள் கேட்கலாம். இருப்பது உண்மைதான். ஆனால், கீரையும் கடலையும் முட்டையும் பாலும் இருக்கும்போது அவற்றுக்காக இவ்வளவு சீனியை உண்ண வேண்டியதில்லை.

அப்படியென்றால், தேர்ந்த சமையல் வல்லுநர்கள் விலை அதிகமான இந்தப் பாகை ஏன் வாங்குகிறார்கள்? அதன் மணத்துக்காக. சாறு கொதிக்கும்போது சீனியும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. இதற்கு மெயிலார்ட் வினை என்று பெயர். பருவத்தின் இறுதியில் வெயில் ஏற ஏற, நுண்ணுயிர்கள் சாற்றிலுள்ள சுக்ரோசைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கின்றன. அதனால் பாகு கருத்து, சுவையும் அழுத்தமாகிறது. இந்தக் கரும்பாகு அமெரிக்காவில் முன்பு 'பி' தரம் என்று விற்கப்பட்டது. 2015-இல் அந்த முறை மாறியது. நிறம் தரத்தைக் காட்டுவதில்லை, சுவையின் அழுத்தத்தையே காட்டுகிறது. வாட்டிய இறைச்சிக்கும் பூசணிக்கும் கரும்பாகு பொருந்தும். ஐஸ்கிரீமுக்கு வெளிர்நிறப் பாகு போதும். கேக்கில் சீனிக்குப் பதிலாகச் சேர்த்தால், பாகில் மூன்றில் ஒரு பங்கு நீர் என்பதை நினைவில் வைத்துப் பாலைக் குறைக்க வேண்டும்.

இந்த மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று சோட்டலோன். நம் வீட்டு வெந்தயத்தில் இருப்பதும் அதுவே! 2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது மேப்பிள் பாகு வாசனை வீசி மக்களைக் குழப்பியது. பக்கத்து நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பயன்படுத்திய ஓர் ஆலையிலிருந்து அது வந்தது என 2009-இல் கண்டுபிடித்தார்கள். சோளப் பாகில் மணமூட்டி கலந்து 'மேப்பிள் சுவை' என்று விற்பதும் உண்டு. ஆகவே, புட்டியில் ஒட்டியுள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். உண்மையான பாகில் மேப்பிள் சாற்றைத் தவிர வேறெதுவும் இருக்காது.

உங்களில் சிலர் நாளை சமையல் கலை பயிலலாம். அப்போது மேப்பிள் பாகைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால், உணவுப் பட்டியலில் 'மேப்பிள் பாகு சேர்த்தது' என்று மட்டும் எழுதுங்கள். 'சீனி இல்லை' என்று எழுதாதீர்கள். அதை நம்பிச் சாப்பிடுபவர் யாரோ ஒருவரின் தாத்தாவாக இருக்கலாம்.