எண் போடாத சூத்திரம்

வாயுக்களின் இயக்கவியற் கொள்கையைப் பரீட்சைக்காக மட்டும் படிப்பவர்கள் நம்மில் அநேகர். பாகுநிலைக்கு ஒரு சூத்திரம், விரவலுக்கு ஒரு சூத்திரம். இரண்டையும் வருவித்து அடிக்கோடிட்டு விட்டால் மதிப்பெண் கைக்கு வந்துவிடும். அவற்றில் எண்களைப் போட்டுப் பார்க்காததால் எங்கள் வயலில் ஒரு மா தாளடிப் பயிர் பட்ட பாட்டைச் சொன்னால்தான் என் கருத்து விளங்கும்.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பை அறியாதவர் இப்பக்கத்தில் இல்லை. அங்கே பிரியும் கோரையாற்றுப் பாசனம் எங்களுடையது. சென்ற ஆண்டு ஒரு நாள் அப்பா மேலுரமாக யூரியா வீசச் சொன்னார். அன்றுதான் வகுப்பில் விரவல் பாடம் முடிந்திருந்தது. மூலக்கூறுகள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுமாமே, நான் எதற்குச் சேற்றில் இறங்க வேண்டும்? மடையை அடைத்துவிட்டு, வரப்பில் நின்றபடியே நான்கு இடங்களில் கொட்டிவிட்டு வந்தேன். பத்து நாளில் வயல் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கொட்டிய இடத்தில் பயிர் கருகல், சுற்றிலும் கரும்பச்சை, மற்ற இடமெல்லாம் வெளிர் மஞ்சள்.

"ஏண்டா, யூரியா தானா நடந்து போகும்னா காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் அப்பா.

அதன்பிறகுதான் கணக்குப் போட்டேன். அசையாத நீரில் யூரியா ஒரு சென்டிமீட்டர் விரவச் சுமார் 10 மணி நேரம் ஆகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். ஆகவே ஒரு மீட்டருக்கு 1 லட்சம் மணி, அதாவது 11 ஆண்டுகளுக்கு மேல்! வயலில் காற்றும் நீரோட்டமும் ஓரளவு கலக்கும் என்பது உண்மையே; ஆயினும் என் நான்கு குவியல்களுக்கு அது போதவில்லை.

இதே ஐயம் பெரியவர்களுக்கும் வந்ததுண்டு. மூலக்கூறுகள் அவ்வளவு வேகமென்றால் வாயுக்கள் ஏன் மெல்லக் கலக்கின்றன என்று டச்சு அறிஞர் பைஸ் பாலட் கேட்டார். 1858-இல் கிளாசியஸ் அளித்த விடைதான் நாம் மனப்பாடம் செய்யும் சராசரி மோதலிடைத் தூரம். காற்றில் அது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 15,000-இல் ஒரு பங்கு. ஒரு மூலக்கூறு வினாடிக்குச் சுமார் 700 கோடி முறை மோதித் திசை மாறுகிறது. ஓடியும் ஊர் போய்ச் சேராத ஓட்டம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1943-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இத்தகைய தடுமாறும் நடையில்தான் தொடங்கி, விண்மீன்களின் இயக்கம் வரை செல்கிறது.

பாகுநிலையிலும் இதே கதைதான். அடுப்பில் வைத்த நல்லெண்ணெய் இளகுவதை நம் வீட்டில் எல்லோரும் அறிவர். நீரின் பாகுநிலையும் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். காற்றுக்கோ அது ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது! வாயுவில் மூலக்கூறுகள் அடுக்குக்கு அடுக்கு உந்தத்தைச் சுமந்து செல்கின்றன. சூடேறினால் சுமை வேகமாகப் போகிறது. நீர்மத்திலோ நெருங்கிய மூலக்கூறுகளின் பிடிப்பே பெரிது. சூடு அதைத் தளர்த்துகிறது. வாயுவின் சூத்திரம் எண்ணெய்க்கு உதவாது. இதை நானாகத் தேடித்தான் அறிந்தேன். அழுத்தம் மாறினாலும் வாயுவின் பாகுநிலை மாறாது என்ற தம் முடிவை மாக்ஸ்வெல்லே நம்பத் தயங்கி, மனைவியின் துணையோடு லண்டன் வீட்டில் சோதித்துப் பார்த்தார்.

ஆசிரியப் பெருமக்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 'வருவி' என்று கேட்கும் வினாவோடு, 'எண்களைப் பிரதியிட்டுக் காண்க', 'இச்சூத்திரம் எங்கே பொருந்தாது?' என்று இரண்டு வரி சேர்த்துக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். பாதி மதிப்பெண் அதற்கு வைத்தாலும் தகும். தந்துகிக் குழாய்ச் சோதனையை வெந்நீரிலும் ஒருமுறை செய்ய ஆய்வகத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன்.

உரம் வீசும் வேலையை அப்பா இன்னும் என்னிடம் திருப்பித் தரவில்லை.