பணக்காரர் பொழுதுபோக்கா?

பாய்மரப் படகில் உலகம் சுற்றும் தம்பதிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு சார்" என்கிறார்கள் வாக்கிங் நண்பர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லின், லாரி பார்டி தம்பதி 1968-இல் தாங்களே கட்டிமுடித்த 'செராஃபின்' வெறும் 24 அடி. எஞ்சின் கிடையாது. வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு. மெக்சிகோ, கரீபியன் என்று போன இடங்களில் பிறர் படகுகளைப் பழுதுபார்த்தும், பத்திரிகைகளுக்கு எழுதியும் சம்பாதித்தே 11 ஆண்டுகளில் உலகைச் சுற்றினார்கள்.

பணம் என்பது சாக்கு. "ரிடையர் ஆகட்டும், பார்க்கலாம்" என்று மனைவியிடம் 30 வருஷம் சொன்னவன் நான். இப்போது பென்ஷன் வருகிறது, நேரமும் இருக்கிறது; அவள் முழங்கால்தான் இடம் கொடுக்கவில்லை.

படகு வேண்டாம். இந்த மாதமே இருவருமாகப் பக்கத்து ஊருக்காவது கிளம்புங்கள்.