படத்துக்குள் வராத வார்டு

2020 ஜூலை 3-ஆம் தேதி அல் ஜசீராவின் ‘101 ஈஸ்ட்’ நிகழ்ச்சியில் ‘லாக்ட் அப் இன் மலேசியாஸ் லாக்டவுன்’ ஆவணப்படம் ஒளிபரப்பானது. மே முதல் நாள் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், முள்கம்பி சூழ்ந்த அடுக்குமாடிகளிலிருந்து பெர்மிட் இல்லாத அந்நியத் தொழிலாளர்களைக் குடிநுழைவுத் துறை ஏற்றிச் சென்றதைப் பற்றிய படம். நடந்ததைத்தான் காட்டியது. ஆனாலும் அதை மட்டும் பார்த்த வெளிநாட்டவர் மனத்தில், கோவிட் தொற்றுக்கால மலேசியா என்றாலே கம்பியும் லாரியும்தான் பதிந்திருக்கும். சுங்கை பூலோ மருத்துவமனையில் கவச உடைக்குள் வெந்த தாதியருக்கு அங்கே இடமில்லை.

நம் வீட்டுத் தொலைக்காட்சியோ மறுபாதியைக் காட்டியது. அன்றைய சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் தொற்று எண்ணிக்கை சொன்னார். நாம் நிம்மதியாகத் தூங்கினோம். அந்த நிம்மதியில் லாரி ஏறியவர்களுக்கு இடமில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. பெர்மிட் இல்லாதவரும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று மார்ச்சில் அரசு சொன்னது. மே மாதம் அவர்களையே பிடித்தது. பிறகு எவர் வருவார்? அந்த மாத இறுதிக்குள் புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் தடுப்பு முகாம்களுக்குள்ளேயே தொற்று பரவிவிட்டது. ஆவணமில்லாத நோயாளி வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்லும் சுகாதாரச் சுற்றறிக்கையோ 2001-லேயே வந்துவிட்டது. நோயை மறைக்கச் சொல்லிக் கொடுக்கும் விதி அது. நாடு பேசியிருக்க வேண்டியது இதைத்தான். பேசியதோ படத்தால் போன மானத்தைப் பற்றி. படத்தில் பேசிய வங்காளதேச இளைஞர் ஜூலையில் கைதாகி, ஆகஸ்ட்டில் நாடு கடத்தப்பட்டார். ஆகஸ்ட் 4-ஆம் தேதி அல் ஜசீராவின் கோலாலம்பூர் அலுவலகத்துக்குள் போலீஸ் புகுந்தது. மருத்துவமனைக் கதவைத் திறந்து ‘இதையும் எடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அதுவே சரியான மறுப்பாக இருந்திருக்கும்.

புகழ்ந்து எடுக்கும் படமும் இப்படித்தான். 2007-இல் வந்த ‘சிக்கோ’ ஆவணப்படத்தில், பிரிட்டிஷ் மருத்துவமனைக் காசாளர் ஏழை நோயாளிக்குப் பயணச் செலவை எண்ணிக் கொடுப்பதை அமெரிக்க இயக்குநர் மைக்கேல் மூர் காட்டினார். அப்படியொரு ஏற்பாடு அங்கே உண்டு. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலும் அங்கே உண்டு. அதற்குப் படம் அதே அக்கறை காட்டவில்லை.

நாளை ஒருவர் கேமராவோடு நம்மிடம் வந்தால், 1 வெள்ளிக்கு மருத்துவம் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்கை எடுத்து மலேசியாவைச் சொர்க்கமாக்கலாம். 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு வெளியே கூடாரம் போட வேண்டியிருந்ததை எடுத்து நரகமும் ஆக்கலாம். இரண்டையும் தாங்கி நின்றவர்கள் யார் என்று எவரும் காட்டுவதில்லை. அதே ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிரந்தரப் பணியிடம் போதாமல் 2016 முதல் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவர்கள்; தொற்றின் நடுவிலும் அவர்களுக்கு நாளை என்ன என்று தெரியவில்லை. நம் 1 வெள்ளி மருத்துவத்துக்கான மீதி விலையை அவர்களும் கொடுக்கிறார்கள். இதைச் சொல்லாத படம், புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், நம் மருத்துவமனையைப் பற்றிய படமல்ல.

சாலாக் செலாத்தான், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் எங்கும் நம் குடும்பங்களில் தாதியர் இருக்கிறார்கள், வார்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடாமலே வெளியிடுகிறோம்.