ஞாயிற்றுக்கிழமையை விற்றுவிடாதீர்கள்!

சிலிபின், புந்தோங், ஜெலாப்பாங் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர்களே!

கடைசியாக எப்போது உங்கள் பிள்ளையை ஈப்போ பட்டணத்திற்குக் கூட்டிப் போனீர்கள்? பள்ளிக் காலணி வாங்கப் போனது, தீபாவளித் துணி எடுக்கப் போனது, கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்தது இதெல்லாம் கணக்கில் வராது. வேறு எந்த வேலையும் இல்லாமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க அதற்காகவே போனது எப்போது?

பலருக்கு ஞாபகமே இருக்காது. சிலிபினிலிருந்து பட்டணம் மோட்டார் சைக்கிளில் சில நிமிடம்தான். ஆகவே தூரத்தைக் குறை சொல்ல முடியாது. நம் ஞாயிற்றுக்கிழமை விலைபோய்விட்டது, அதுதான் காரணம்.

என்ன விலைக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 சென். மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் சட்டப்படி கூடுதலாகக் கிடைக்க வேண்டியது இந்த ஒரு நாள் சம்பளம். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்து ஆறாம் ஆண்டு முடிப்பதற்குள் ஏறக்குறைய 312 ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போகும். ஒவ்வொன்றுக்கும் விலை 65 வெள்ளி! பிள்ளை வளர்ந்த பிறகு, அந்த நாள்களை எந்த முதலாளி திருப்பித் தருவார்?

"வயிற்றுப்பாட்டுக்கு வழி சொல்லாமல் ஊர் சுற்றச் சொல்கிறீர்களே, வாடகையை யார் கட்டுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குற்றம் உங்கள் மீது இல்லை. ஆறு நாள் உழைத்தும் குடும்பம் நடத்தப் போதாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, ஏழாவது நாளையும் ஓ.டி. என்று பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாட்டின் மீதுதான் குற்றம். தோட்டத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பினார். இன்று சூப்பர்வைசர் கைப்பேசியில் கூப்பிடுகிறார். வேறென்ன மாறியது?

இந்த ஒரு நாள் யாரும் நமக்குத் தானமாகக் கொடுத்ததல்ல. 1941இல் சிலாங்கூர், கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தில் சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி கேட்டார்கள். அதோடு அவர்கள் வேறு என்ன கேட்டார்கள் தெரியுமா? துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கச் சொன்னார்கள். உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையில்லாமல் வந்து போக வேண்டும் என்றார்கள். 10, 12 மணி நேர வேலையை ஒழிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதனை வெள்ளைக்கார அரசாங்கம் கைது செய்து நாடு கடத்தியது. இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போவதற்கும் சொந்தக்காரரை வீட்டுக்கு அழைப்பதற்கும் உயிரைக் கொடுத்த சமுதாயம் நாம்! அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மோட்டார் இருக்கிறது, சாலை இருக்கிறது, போவதற்கு ஒரு நாள் மட்டும் இல்லை என்றால் அது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, போனால் எங்கே போவது? பேரங்காடியில் குளிர் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்குள் இருக்கும் சாமான்களைப் பார்த்துவிட்டு வருவதற்கா? வேண்டாம். அதிகக் காசு செலவாகாத இடங்கள் இருக்கின்றன.

ஈப்போ ரயில் நிலையத்துக்குப் போங்கள். 1914 முதல் 1917 வரை கட்டப்பட்டது. சுற்றுப்பயணிகள் அதன் வெள்ளைக் குவிமாடத்தைப் படம் பிடிப்பார்கள். ஹபாக் என்ற வெள்ளைக்காரர் வரைந்த கட்டடம் என்று சொல்வார்கள். இந்த நாட்டின் தண்டவாளங்களில் தமிழனின் வியர்வை கலந்திருக்கிறது என்பதை உங்கள் பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பர்ச் மணிக்கூண்டு இருக்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909இல் எழுப்பினார்கள். உலக நாகரிகத்தை வளர்த்தவர்கள் என்று 44 உருவங்களை அதில் வரைந்து வைத்தார்கள். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் மரம் சீவியவர் ஒருவராவது அதில் உண்டா? ஆனால் பர்ச்சைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ மகாராஜா லேலாவின் பெயரும் டத்தோ சாகோரின் பெயரும் இன்று அந்தப் பக்கத்துச் சாலைகளில் இருக்கின்றன. மலாய் மக்கள் தங்கள் வீரர்களை மறக்கவில்லை. அது நியாயம்தான். நாம் யாரை நினைவில் வைத்திருக்கிறோம்?

அடுத்து டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. பிள்ளை ஊஞ்சலாடட்டும். அந்தப் பெயர் யாருடையது என்று அது கேட்டால் பதில் தெரியுமா உங்களுக்கு? ஈப்போவின் தமிழ் வழக்கறிஞர் அவர். 1953இல் மக்கள் முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1957 இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போய், 1969இல் இறக்கும்வரை ஈப்போ மக்களின் குரலாக இருந்தார். அவர் காலத்தில் நகர மன்றத்தை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள். பிறகு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடியோடு எடுத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பக்கம் விளையாட்டுத் திடல் ஏன் இப்படிக் கிடக்கிறது, பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று கேட்க, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் மாநகர் மன்றத்தில் இல்லாமல் போனது அப்படித்தான்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் போகலாம். பேய்க்கதை சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற இடம். ரப்பர்த் தோட்டக்காரர் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றது. மதராசிலிருந்து அவர் வரவழைத்த 70 கைவினைஞர்கள் அங்கே வேலை செய்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த விஷக் காய்ச்சலில் பலர் செத்தார்கள். அந்தப் பாட்டாளிகள் கேட்டு வாங்கிய மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. பேய்க்கதையை விட்டுவிட்டு, செத்துப்போன நம் ஆள்களின் கதையைச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தரச் சொல்கிறது. ஷிப்ட் வேலை, அவசர வேலை போன்றவை தவிர, ஓய்வு நாளில் வேலைக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. ஷிப்டில் நிற்கும் பாதுகாவலருக்கும் வாரத்தில் ஓர் ஓய்வு நாள் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை நேரம். தெரியாததால்தான் ஏமாறுகிறோம். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தவறினால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள்.

ஆறு நாள் சம்பளத்தில் ஏழு நாள் சாப்பிட வேண்டும். இதுதான் நம் கோரிக்கை. அது கிடைக்கும்வரை, குறைந்தது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது யாருக்கும் விற்காதீர்கள். அன்றைக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டால், "இன்று என் பிள்ளையோடு பட்டணம் போகிறேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கட்டும்!