கருவி நமது, சாவி யாருடையது?

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையை நம் புறநகர்ப் பகுதியில் அறியாதார் இலர். பழைய வானொலிப் பெட்டி, கடிகாரம், தையற்பொறி எனப் பிறர் கழித்த பொருள்கள் அங்கே மீண்டும் விலை பெறுகின்றன. வாங்கியவர் அவற்றைத் திறந்து பார்க்கிறார், பழுது நீக்குகிறார், வேண்டுமாயின் வேறொன்றின் உறுப்பை எடுத்து இணைத்துக்கொள்கிறார். பொருள் அவருடையது, எனவே உரிமையும் அவருடையது.

ஆனால், பழைய திறன்பேசி ஒன்றை வாங்கும் மாணவரின் நிலை வேறு. கருவி நன்றாகவே இருக்கிறது. ஆயினும் அதனைச் செய்த நிறுவனம் அதற்குப் புதிய மென்பொருள் வழங்குவதை நிறுத்திவிட்டது. வேறு மென்பொருளை ஏற்றலாமெனின், உள்ளே ஒரு பூட்டு! கருவியை இயக்கியதும் முதலில் விழித்தெழும் 'பூட்லோடர்' என்னும் சிறுநிரல், நிறுவனம் ஒப்பமிட்ட மென்பொருளை மட்டுமே உள்ளே விடுகிறது. இப்பூட்டைத் திறந்து கருவியின் முழு ஆளுகையைப் பெறுவதை 'ரூட்' செய்தல் என்றும், ஐபோனில் 'ஜெயில்பிரேக்' என்றும் வழங்குவர். சில நிறுவனங்கள் கேட்போர்க்குத் திறக்கும் வழியைத் தருகின்றன. சில அறவே மறுக்கின்றன.

தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் எனச் சிலர் வினவலாம். இடம் உண்டு. 2008-இல் ஆண்டிராய்டு திறன்பேசிகள் வெளிவரத் தொடங்கிய பின்னர்ச் சில ஆண்டுகள் வரை, அவற்றுள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறுங்கட்டங்களாகவே தோன்றின. எழுத்துருக்கள் இருந்த பகுதியோ பூட்டப்பட்டிருந்தது. பூட்டைத் திறந்து தமிழ் எழுத்துருவைத் தம் கையால் உள்ளே வைத்தவர்கள், நிறுவனங்கள் மனமிரங்கும் வரை காத்திராமல் தமிழைக் கண்ணாரக் கண்டனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-இல் 'செல்லினம்' வழியாகக் கைப்பேசியில் தமிழை எழுதச் செய்ததும் இத்தகைய முனைப்பின் பயனேயாகும். நிறுவனத்தின் கணக்கில் மொழி ஒரு சந்தை. நமக்கோ அது வாழ்வு.

நம் முன்னோர் காட்டிய வழியும் இதுவன்றோ? அரபு எழுத்து அவர்கள் கைக்கு வந்தபோது, அதில் இல்லாத தமிழொலிகளுக்காக, இருந்த எழுத்துகளிலேயே புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி அரபுத்தமிழை ஆக்கிக்கொண்டனர். மார்க்க விளக்கங்களையும் பாடல்களையும் அதில் எழுதினர். பெற்ற கருவியைத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வது அவர்களுக்கு இயல்பாக இருந்தது.

தாம்பரத்தைச் சுற்றி வாழும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை இயங்கியது. ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கே சென்றால், மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2022-இல் பெகட்ரான் நிறுவனம் ஐபோன் உருவாக்கத் தொடங்கியது. இவ்வட்டாரத்துக் கைகள் இணைத்து முடித்த கருவியை இவ்வட்டாரத்து மாணவர் திறந்து கற்கலாகாது என்பது எவ்வகையில் பொருந்தும்?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. பூட்டு திருடனிடமிருந்தும் தீய நிரலிடமிருந்தும் காக்கிறது என்பது உண்மையே. பூட்டைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தகவல்கள் பெரும்பாலும் அழிகின்றன. வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கின்றன. தவறிச் செய்தால் கருவியே உயிரற்றுப் போகலாம். ஆகவே, அறியாதார் விளையாட்டாகத் தொடலாகாது. ஆயினும், காப்பதற்கான பூட்டின் சாவி வீட்டுக்குரியவரிடம் இருத்தலே முறை. பூட்டியவரே சாவியையும் வைத்துக்கொண்டால் அது காவலன்று, கட்டுப்பாடு.

அமெரிக்காவில் 2010 முதலே திறன்பேசியின் இப்பூட்டைத் திறப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. நம் நாட்டில் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பிறர் உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. 2022-இல் நடுவணரசு பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, இணையவாயிலும் திறந்தது. அம்முயற்சி மென்பொருளுக்கும் விரிதல் வேண்டும். ஒரு கருவிக்குப் பாதுகாப்பு மென்பொருள் தருவதை நிறுத்தும் நாளில், அதன் சாவியை உரியவரிடம் ஒப்படைக்க நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

உரிமை கேட்கும் நாம் கடமையையும் மறக்கலாகாது. கைப்பேசியின் பதினைந்து இலக்க அடையாள எண்ணை மாற்றுவது, திருட்டுக்குத் துணைபோகும் குற்றம். 2017-ஆம் ஆண்டின் விதிகள் அதனைத் தடைசெய்தன; 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதனைத் தண்டிக்கிறது. பழுதுபார்க்கத் தந்த கருவியிலுள்ள ஒரு குடும்பத்தின் படங்களும் செய்திகளும் கடைக்காரரிடம் விடப்பட்ட அமானிதம். திறக்கத் தெரிந்தவன், எதனைத் திறக்கலாகாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! வீட்டில் கிடக்கும் பழைய கருவியைக் குப்பைக்கு அனுப்புமுன், அறிந்தவர் துணையுடன் அதற்கு உயிரூட்ட முயலுங்கள். நம் கல்லூரிகளும் அதற்கென ஓர் அறையை, ஓர் ஆசிரியரை ஒதுக்கட்டும். ஊர்ப் பெரியோர் அதற்குத் துணை நிற்கட்டும். பிறர் செய்ததை வாங்கிப் பயன்படுத்துவோராக மட்டும் நம் இளைஞர் நின்றுவிடாமல், திறந்து அறிந்து திருத்தும் ஆற்றலையும், அதனை நேர்மையுடன் கையாளும் பண்பையும் பெற இறைவன் அருள்புரிவானாக!